கறுப்புத்திரை அண்ணன்

பண்டமாரானில் தாமானுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். பகலெல்லாம் துறைமுகத்தில் கொள்கலன் கணக்கு. இரவு எட்டரைக்கு மேல் லினக்ஸ். யார் வீட்டுக் கணினி இருண்டாலும், அரைக்கால் சட்டையும் பெண்டிரைவுமாக மோட்டாரில் வந்து இறங்கிவிடுவார். கூலி ஒரு தே தாரேக்.

வந்ததும் முதல் வேலை, கணினி எழும் முன் வரும் கிரப் மெனுவில் 'கொயட் ஸ்பிளாஷ்' என்ற இரண்டு சொற்களை அழிப்பது. அவை இருந்தால் கணினி எழும்போது அழகான சின்னத்தைக் காட்டி உள்வீட்டு விவகாரத்தை மறைத்துவிடும். அண்ணனுக்கு மூடுமந்திரம் ஆகாது. எழுத்துகள் மடமடவென்று ஏறத் தொடங்கியதும் முகம் தெளியும். 0.000000 என்று தொடங்கும் நொடிக்கணக்கை, ஜாதகத்தில் பிறந்த நேரம் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

அன்று ஓர் ஆன்ட்டி வீட்டிலும் அதே கதைதான்.

"ஐயோ, எரர்னு போடுதே தம்பி!"

"அது ஏசிபிஐ, ஆன்ட்டி. பயாஸ் எழுதினவன் செஞ்ச பாவம். பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது."

ஒரு வரி மட்டும் நகராமல் நின்றது. போன வருடமே கழற்றிப்போட்ட ஹார்ட்டிஸ்க்குக்காக ஒன்றரை நிமிடம் காத்திருக்கிறதாம். இறந்தவர் பெயர் வாக்காளர் பட்டியலில் கிடப்பதுபோல, எப்எஸ்டாப் கோப்பில் அதன் பெயர் இன்னும் இருக்கிறது. அந்தத் தொண்ணூறு நொடியில்தான், 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் கிராபிக்ஸ் சில்லு நிறுவனமான என்விடியாவுக்கு நடுவிரல் காட்டிய கதை வரும். ஆன்ட்டிகள் இருக்கும் வீடென்றால் சுண்டுவிரலைக் காட்டி ஒப்பேற்றுவார்.

செய்திகள் முடிந்தன. அப்புறம் கும்மிருட்டு.

"படம் வருமா, வராதா? மக கல்யாண வீடியோ பாக்கணும்."

"இருட்டுனா செத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல ஆன்ட்டி. உள்ள ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினார். 'லாகின்' என்று ஒற்றைச் சொல் மினுக்கியது. குத்துவிளக்கு ஏற்றியவர்போல் எங்களைத் திரும்பிப் பார்த்தார். எங்களுக்குத்தான் கைதட்டத் தோன்றவில்லை.

மறுபடி கிரப். இந்தமுறை 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்தார். கிராபிக்ஸ் டிரைவரை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, இருப்பதை வைத்துப் படம் காட்டும் தந்திரம். படம் வந்துவிட்டது. அதில் அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. நோய் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்திருக்க வேண்டாம்.

வந்தது 1024க்கு 768. அகலத்திரையில் இழுபட்டு மணமகள், நாதஸ்வரக்காரர், வாழைமரம் எல்லாமே பருத்துப்போயிருந்தன.

ஆன்ட்டி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப்போய்ப் பார்த்தார்.

"சம்பந்தியம்மா மட்டும் நேர்ல இருக்கிற மாதிரியே இருக்காங்க."