வாங்கப்போறவர்

கோவளத்திலிருந்து தெற்கே நெம்மேலி, பட்டிப்புலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று குப்பம் குப்பமாகப் போனால் எந்தக் கரையிலும் இவரைப் பார்க்கலாம். மணலில் ஏற்றிப் போட்டிருக்கும் ஃபைபர் படகு ஒன்றின் ஓரத்தில் தலையைச் சாய்த்து, கன்னத்தை மணலோடு ஒட்டிப் படுத்திருப்பார். மயங்கி விழுந்தவர் என்று பதறக் கூடாது. படகின் அடிப்பக்கம் பார்க்கிறார். யாரென்று கேட்டால், "நம்ம வாங்கப்போறவருதான்" என்பார்கள். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது.

பதினாறு வயதிலிருந்து அடுத்தவர் படகில் பங்குக்குப் போகிறவர். மீன் விற்ற காசில் டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்தைப் பிரிக்கும்போது ஆளுக்குப் பங்கு உண்டு. படகுக்கும் உண்டு, இஞ்சினுக்கும் வலைக்கும் உண்டு. ஒருநாள் இவருக்கு ஞானம் வந்தது. "அது சோறு துன்னுதா, பீடி குடிக்குதா? அதுக்கு எதுக்குப் பங்கு?" யாரும் பதில் சொல்லவில்லை. சரி, அந்தப் பங்கு நமக்கே வரட்டும் என்று படகு வாங்கத் தீர்மானித்தார். கையில் ஏலச்சீட்டு எடுத்த ஒண்ணேகால் லட்சம். அதற்குப் புதுசு வராது, பழசுதான். தீர்மானித்தது நீலம் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரை கடந்த வருஷம், அதாவது 2012. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பார்க்கும் முறையே தனி. முதலில் கிட்டே போக மாட்டார். பத்தடி தள்ளி நின்று பீடி பற்றவைத்துக் கடலைப் பார்ப்பார். ஆசைப்பட்டது தெரிந்தால் விற்கிறவன் பத்தாயிரம் ஏற்றிவிடுவானாம். அப்புறம் முன்மூக்கான அணியத்திலிருந்து விரல் முட்டியால் தட்டிக்கொண்டே பின்னால் வருவார். கண்ணாடி நார் விரிப்பை ரெசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டியதுதானே ஃபைபர்? அடுக்கு இறுகி நின்றால் 'டங்' என்னும். உள்ளே பிரிந்து நீர் கோத்திருந்தால் 'தொப்'. பண்ருட்டிப் பலாப்பழ வியாபாரி தோற்றார். 'தொப்' கேட்ட இடத்தில் நிறுத்தி விற்கிறவர் முகத்தைப் பார்ப்பார். இப்போது விற்கிறவர் கடலைப் பார்ப்பார்.

இஞ்சின் மாட்டும் பின்பலகை அடுத்தது. உள்ளே மரம், மேலே ஃபைபர் பூச்சு. போல்ட் ஓட்டை வழியாக உப்புத்தண்ணீர் இறங்கினால் மரம் ஊறிப் புட்டு மாதிரி உதிரும். வெளிப் பளபளப்பு மட்டும் குறையாது. மடியிலிருந்து ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து ஓட்டைக்குள் விட்டுக் கிண்டி, நுனியை மோந்து பார்ப்பார். கடைசியாக ஒரு ஓரத்தைத் தூக்கச் சொல்வார். "நாலு பேர் தூக்குற எடத்துல ஆறு பேர் வேணும்னா, ரெண்டு ஆள் கனத்துக்குத் தண்ணி குடிச்சிருக்குன்னு அர்த்தம்."

இவருடைய அப்பா காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. கட்டுமரம் என்பது நாலைந்து மரத்தைச் சேர்த்துக் கட்டியது. இடுக்கு வழியே தண்ணீர் வரும், வந்த வழியே போகும். ஒழுகுமோ என்ற கவலையே கிடையாது, ஏனென்றால் மொத்தமும் ஒழுக்குதான். (அந்தப் பெயரை வெள்ளைக்காரர் கொண்டுபோய் இரட்டை ஓடத்துக்கு வைத்தது வேறு கதை.) 2004 சுனாமி கட்டுமரங்களை அடித்துப்போக, தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டு ஃபைபர் கொடுத்தன. அவசரத்தில் வார்த்ததில் மெல்லிசாகப் போனவையும் உண்டு. அதனால் புது பெயிண்ட் அடித்த பழைய படகை இவர் நம்புவதே இல்லை, நகத்தால் சுரண்டுவார். மேலே நீலம், அதன் கீழே பச்சை, அதற்கும் கீழே ஒரு கட்சிக் கொடி, அடிமட்டத்தில் யாரோ தர்மவானின் பெயர். சுனாமி மணலை அரித்ததில் மாமல்லபுரத்தில் புதைந்து கிடந்த சிற்பங்கள் வெளிப்பட்டபோது தொல்லியல் துறை ஓடிவந்தது. இவர் சுரண்டும்போது விற்கிறவர் ஓடிவருகிறார்.

படகின் வயதைப் புயல் கணக்கில்தான் கேட்பார். "வர்தாவுக்கு முன்னாடியா, பின்னாடியா? மாண்டஸ்ல எங்க இருந்துச்சு?" 2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் இதே மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் கரையேறியது. கரையில் கிடந்த படகுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்ட ராத்திரி அது. விற்க வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே பதில்: "அன்னிக்கு எங்க மச்சான் வூட்டு வாசல்ல ஏத்தி வச்சிருந்தோம்ணா." இவர் கணக்குப்படி அந்த மச்சான் வீட்டு வாசலில் அன்றிரவு நாற்பது படகு நின்றிருக்கிறது.

இஞ்சினில் இவரை ஏமாற்ற முடியாது. கயிற்றை இழுக்கும் முன்பே உள்ளங்கையை அதன்மேல் வைப்பார்.

"இன்னாபா, சுடுது?"

"வெயில்ணா."

"மணி ஆறுகூட ஆவல."

சண்டித்தனம் செய்யும் இஞ்சினை விடியலிலேயே ஓட்டிச் சூடேற்றி வைத்தால், ஆள் வரும்போது ஒரே இழுப்பில் பிடித்துக்கொள்ளும். அந்தக் கதை இவரிடம் எடுபடாது. செங்கல்பட்டில் நான் பழைய ஸ்கூட்டர் வாங்கியபோது ஹாரன் அடித்துப் பார்த்தேன், அடித்தது, வாங்கிவிட்டேன். இதைச் சொன்ன அன்றிலிருந்து இவர் என்னைக் கொஞ்சம் பரிவோடுதான் நடத்துகிறார்.

இதெல்லாம் தேறினால் பேப்பர். ஒருமுறை எல்லாமே 'டங்'. விலையும் படிந்துவிட்டது. மீன்வளத் துறையில் பேர் மாற்ற ஓனர் கையெழுத்து வேண்டுமே, பதிவில் இருக்கிற ஓனர் எங்கே என்றார். விற்கிறவர் விரலை மேலே காட்டினார். மாடியில் இருக்கிறாராக்கும் என்று இவர் அரைமணி நேரம் காத்திருந்தார்.

ஆனால் இவரை உண்மையில் மடக்கிப் போட்டிருப்பது குறை எதுவும் இல்லை, காலண்டர்தான். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று ஏறி, கடல் கொந்தளித்து, வாரக்கணக்கில் பாடு இல்லாமல் போகும். அப்போது படகு சல்லிசாக வரும். அதே வாரங்களில் இவருக்கும் பாடு இல்லை; சீட்டுப் பணத்தில் கைவைத்துத்தான் அரிசி. தை பிறந்து கடல் அடங்கி கையில் நாலு காசு சேரும்போது, விற்கிறவனுக்கும் சேர்ந்துவிடுகிறது. விற்கும் எண்ணத்தையே விட்டுவிடுகிறான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் துறைமுகத்தில் நிற்க, சின்னப் படகு மீனுக்கு நல்ல விலை. அப்போது படகை விலை கேட்டால் பெண்டாட்டியை விலை கேட்டது மாதிரி பார்ப்பார்கள்.

மீன் வியாபாரி முன்பணம் தரத் தயார்தான். வாங்கினால் பிடிக்கிற மீனையெல்லாம் அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும், கடன் தீரும்வரை. தீராது. திருக்கழுக்குன்றம் வரை கூடை கொண்டுபோய் மீன் விற்கும் வீட்டுக்காரம்மா அதற்குச் சம்மதிக்கவில்லை. குழு லோனுக்கும் அவர்தான் காவல். "நீ படகு பாக்கப் போன பஸ் காசு, டீக்காசைச் சேத்து வச்சிருந்தாலே இன்னேரம் ஒரு இஞ்சின் வந்திருக்கும்" என்பது அவருடைய தணிக்கை அறிக்கை.

இதற்கிடையில் ஒன்று நடந்துவிட்டது. இத்தனை வருஷம் பார்த்ததில், பார்ப்பதையே தொழிலாகக் கற்றுவிட்டார். இப்போது படகு வாங்க நினைக்கும் பையன்கள் இவரைத்தான் கூட்டிப்போகிறார்கள். கூலி ஒரு டீ, ஒரு பன். தூரத்தில் இவர் தலை தெரிந்தாலே விலையை அஞ்சாயிரம் குறைத்துச் சொல்கிறார்கள் என்று கேள்வி.

போன தை மாசம் அக்கா மகன் கூப்பிட்டான். கொக்கிலமேட்டுப் பக்கம் ஒரு படகு. இவர் இரண்டு மணி நேரம் தட்டி, சுரண்டி, மோந்து, பதினோரு குறை சொன்னார். "வேணாண்டா." பையனுக்கு 'டங்' எது 'தொப்' எது என்றே தெரியாது. அன்று சாயங்காலமே வாங்கிவிட்டான். மறுநாள் ஆள் ஒன்று குறைந்தது. "மாமா, பங்குக்கு வர்றியா?"

இப்போது விடிகாலை நாலு மணிக்கு மாமா கிளம்புகிறார். அலை தாண்டும்வரை வாயைத் திறக்க மாட்டார். தாண்டியதும் பாதி வெட்டிய ஆயில் கேனை எடுத்துக்கொண்டு, தான் குறித்துச் சொன்ன அதே இடத்தில் போய் உட்காருவார். கல்பாக்கம் விளக்குகள் வலப்பக்கம் மினுங்கும். தண்ணீர் மெதுவாகக் கசிந்து வரும். முதல் கேனை இறைத்துக் கடலில் கொட்டும் முன் பையனிடம் தூக்கிக் காட்டுவார்.

"மூணாவது பலகைக்கு நேரா. சொன்னனா இல்லியா? ஒரு வெரக்கடை தப்பல பாரு."