கொள்ளைக்காரருக்கு ஒரு போலீஸ் வேலை

ஹங்கேரியின் தெற்கே செகெட் என்றொரு நகரம். அதைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய மட்டும் பொட்டல்தான். புல், மாடு, குதிரை, மறுபடி புல். அந்தப் பக்கத்து ஹீரோ ரோஜா ஷாந்தோர். ஏழைகளின் காவலன், பணக்காரர்களுக்கு எமன். நம்மூர் சினிமாவாக இருந்தால் இன்ட்ரோ சாங் மட்டுமே பத்து நிமிடம் ஓடும்.

அப்பேர்ப்பட்டவரின் முதல் கேஸ் என்ன தெரியுமா? 1836இல், 23 வயதில், செகெட் சிறைக்குள் போனார். குற்றம்: மாட்டைக் கிளப்பிக்கொண்டு போனது. பண்ணையாரின் கஜானா எல்லாம் இல்லை சார், 2 பசு மாடு!

அதற்கப்புறம் படிப்படியாக முன்னேறினார். ஆனால் மனசுக்குள் ஓர் ஆசை, நல்ல மனுஷன் என்று பெயர் வாங்க வேண்டும். 1845இல் மன்னிப்புக் கேட்டு மனுப் போட்டார். மேலிடம் கையை விரித்தது.

1848இல் புரட்சி. தலைவர் கோஷுத்துக்கு ஆள் பற்றாக்குறை. பழைய கேஸெல்லாம் தள்ளுபடி, சண்டைக்கு வா என்றார். சுமார் 150 பேருடன் குதிரையேறினார் ரோஜா. ஆயுதம்? மாடு மேய்க்கும் சாட்டை! குட்டைப் பிடி, நீளமான பின்னல் தோல். சுழற்றி வீசினால் எதிரி குதிரையிலிருந்து கீழே. அடடா, சொக்கத் தங்கம் என்று நினைக்கிறீர்களா? எஸெரெஷ் என்ற கிராமத்தில் புகுந்து ஆட்களைக் கொன்று, ஊரையே சுரண்டிவிட்டார்கள். கோஷுத் தரப்பே தலையிலடித்துக்கொண்டு பட்டாளத்தைக் கலைத்துவிட்டது.

புரட்சி தோற்றது. ரோஜாவின் தலைக்கு 10,000 ஃபோரின்ட் விலை. 1857இல் பிடிபட்டார். மடக்கியது ராணுவமா? கூட்டாளி காட்டிக்கொடுத்துவிட்டான் என்று அவனைச் சுட்டார். கூட்டாளியின் மனைவி கோடாலியை எடுத்து இவர் மண்டையில் ஒன்று போட்டாள். மேட்டர் ஓவர்.

தூக்குத் தண்டனை ஆயுளாகக் குறைந்து, 1868இல் பொது மன்னிப்பில் வெளியே வந்தார். வந்ததும் என்ன கேட்டார் தெரியுமா? போலீஸ் வேலை! (சிரிக்காதீர்கள். அந்தப் பொட்டலில் திருடன் எங்கே ஒளிவான் என்று இவரைவிட யாருக்குத் தெரியும்?) கிடைக்கவில்லை.

அந்த டிசம்பரிலேயே, ஃபேலெத்ஹாஸா அருகே தண்டவாளத்தைப் பெயர்த்து ரயிலைக் கவிழ்த்தது ரோஜா கும்பல். பிளான் பக்கா. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று மட்டும் விசாரிக்கவில்லை. சிப்பாய்கள்! சுட்டார்கள் பாருங்கள், வந்த வழியே ஓட்டம்.

கொள்ளையர்களை ஒழிக்க வந்திருந்த அரசு ஆணையர் ராதாய், ஆசாமியின் வீக்னெஸைச் சரியாகப் பிடித்தார். 1869 ஜனவரியில், வேலை விஷயமாகப் பேசலாம் என்கிற தோரணையில் செகெட் கோட்டைக்கு அழைப்பு. முப்பது வருஷமாக ஊருக்கே தண்ணி காட்டியவர், இன்டர்வியூ என்று நம்பித் தானாகவே வந்து நின்றார். விலங்கு ரெடியாக இருந்தது.

மறுபடி ஆயுள் தண்டனை. ஸாமோஷூய்வார் சிறையில் முதலில் தையல் வேலை. உடம்பு தளர்ந்ததும் காலுறை பின்னும் வேலை. 1878இல் இறக்கும்வரை அரசாங்கச் சோறு, அரசாங்க உடுப்பு. டிரான்ஸ்ஃபர் தொல்லைகூட இல்லை.