பொருளாதாரத் தடை அண்ணை

கடையில் ஈஸ்ட் இல்லை என்று அண்ணையின் காதில் விழும்படி யாரும் சொல்லிவிடக் கூடாது. "ஈஸ்டோ? 1990 இல யாழ்ப்பாணத்தில உடுப்புத் தோய்க்கச் சவர்க்காரமே இல்லை, தெரியுமோ?" என்று பிடித்தாரென்றால் போன் சூடாகும் வரை விடமாட்டார்.

2020 மார்ச் 10 அன்று இத்தாலி முழுவதும் வீட்டுக்குள் முடங்கியது. பலெர்மோவில் பல்லாரோ சந்தையைச் சுற்றியுள்ள தமிழ் வீடுகளில் அன்றுமுதல் இரண்டு தொல்லை. ஒன்று வைரஸ்.

இன்டர்நெட் இழுக்கிறது என்பார் ஒருவர். உடனே சைக்கிள் டைனமோ வரும். அப்போது யாழ்ப்பாணத்தில் பேட்டரிக்குத் தடை, மின்சாரமும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடல் சுற்ற, மற்றவர்கள் ரேடியோவில் செய்தி கேட்டார்கள். வெளியே போவதற்கான சுயசான்றுப் படிவத்தை மார்ச் முடியுமுன்பே அரசு பல தடவை மாற்றிவிட்டது, பிரிண்டரில் மை இல்லை என்பார் இன்னொருவர். "யாழ்ப்பாணத்தைவிட்டு வெளிக்கிட நாங்கள் பாஸ் எடுக்க நிண்ட வரிசை தெரியுமோ?" ஆன்லைன் வகுப்பில் கண் வலிக்கிறது என்ற பிள்ளைக்கு, ஜாம் போத்தல் விளக்கில் படித்த கதை. அந்தப் பிள்ளை ஒருநாள் கேட்டுவிட்டது: "மாமா, எல்லாத்துக்கும் தடையெண்டால் ஜாம் எங்க வாங்கினீங்கள்?" அன்றைக்கு மட்டும் அழைப்பு சீக்கிரம் முடிந்தது.

இதில் கொடுமை, அவர் சொல்வதில் ஒன்றும் பொய்யில்லை. அதனால்தான் யாராலும் வாய் திறக்க முடிவதில்லை.

ஆனால் எல்லா முறைப்பாடும் ஈஸ்ட் இல்லையே. வீடு துப்புரவாக்கும் வேலை செய்த ஒரு பெண்ணை மூன்று வீட்டுக்காரரும் வரவேண்டாம் என்றுவிட்டார்கள். மார்ச் மாத நிவாரணச் சட்டத்தின் சம்பள உதவியில் வீட்டு வேலையாட்களுக்கு இடமில்லை. ஏப்ரல், மே மாதங்களுக்கு 500 யூரோ வீதம் என்ற அறிவிப்பு மே நடுவில்தான் வந்தது. இடையில் வாடகைக்கு என்ன செய்வது என்று அவள் அழுதபோது, அண்ணை 1995 அக்டோபர் 30 யாழ்ப்பாண இடப்பெயர்வுக் கதையைத் தொடங்கினார். அவளும் அன்றைய மழையில் நடந்தவள்தான். அவள் கேட்டது வாடகைக் காசு.

ஒன்றே ஒன்றை மட்டும் அவர் எதனோடும் ஒப்பிடவில்லை. 1624 கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்ததாகப் பலெர்மோ நம்பும் சாந்தா ரொசாலியாவைக் காண, மொந்தே பெல்லெக்ரினோ மலைக்குச் சைவரும் வெறுங்காலோடு ஏறுவார்கள். அந்த வழக்கம் தடைப்பட்டதைப் பற்றிப் பேச்செடுத்தால் அண்ணை பேசாமல் இருந்துவிடுவார்.

மே 4 இல் காப்பிக் கடைகள் திறந்தன. வாங்கிக்கொண்டு போகலாம், உள்ளே நின்று குடிக்க முடியாது. அண்ணை தெருவில் நின்று கத்தினார்: "கண்டறியாத கடதாசிக் கப்! மனுசன் குடிப்பானோ உதை?"

"அண்ணை, 1990 இல எதில குடிச்சனீங்கள்?"

"மூக்குப்பேணியில. பனங்கட்டியோட. சுடச்சுட!"