கம்பிவேலி மாப்ள

வா மாப்ள, திண்ணையில உக்காரு. காங்கயத்துல இருந்து மூலனூரு வரைக்கும் உன்ற பேச்சுத்தான். பாட்டன் காலத்துல இருந்து மாடு மேஞ்ச கொறங்காட்டை ரெண்டே நாள்ல ஜேசிபி வச்சு வழிச்சுட்டு, கிளுவை வேலியைப் புடுங்கிக் கம்பிவேலி கட்டி, எட்டு ஏக்கரும் மக்காச்சோளமாமே! கெட்டிக்காரன். 2017 தை மாசம் மெரினாவுல நின்னு நாட்டுமாட்டுக்காகத் தொண்டை கிழியக் கத்துனவனாச்சே. மாட்டுக்குத்தான் கத்துனே, அது திங்கற புல்லுக்கு எதுக்குக் கத்தோணும்?

அந்தக் கொழுக்கட்டைப்புல்லு சுத்தச் சோம்பேறிப் பயிரு. வருசா வருசம் உழுகறதில்லை, வெதைக்கறதில்லை. பங்குனி சித்திரையில செத்த மாதிரிக் கெடக்கும். ஒரு மழை பேஞ்சா அதே தூர்ல துளுத்துக்கும். வேரு மண்ணைக் கவ்வீட்டே இருக்கறதால, பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற ஆடிக்காத்துக்கு என்ற காட்டுல ஒரு சிட்டிகை மண்ணுகூடக் கெடைக்கறதில்லை. பாவம், உன்ற காட்டுக்குத்தான் போகுது. போன ஆடியில உன்ற மேல்மண்ணு இந்தத் திண்ணைக்கே வந்துருச்சு. அத்தை கூட்டி அள்ளி ரோசாச்செடிக்குப் போட்டா. நல்ல மண்ணு மாப்ள, பூ நெறையப் பூக்குது.

வெள்வேலாமரத்தையும் சாய்ச்சுப்போட்டே. காயி உதுந்தா ஆடு பொறுக்கித் தின்னும், புழுக்கையோட கொட்டை விழுகும், அதுல கன்னு மொளைக்கும். நர்சரிக்காரன் பொழைப்பைக் கெடுத்த மரம்! அதோட பட்டையை அந்தக் காலத்துல எந்த ஊறல்ல போட்டாங்கன்னு, அத்தை உள்ள இருக்கறப்பச் சொல்ல முடியாது.

2018ல படைப்புழு வந்தப்ப மக்காச்சோளக்காரங்க பூராம் மருந்துக்கடையில நின்னாங்க. எனக்கு அந்தக் கடையில கணக்கே இல்லை. என்ற வேலிக்குள்ள கௌதாரியும் ஓணானும் கெடக்குதுக, சம்பளம் கேக்கறதில்லை.

மூஞ்சியைத் தொங்கப்போடாதே. உன்ற வயசுல நானும் கீழக்காட்டைப் புகையிலைக்கு ஓட்டுனவன்தான். மறுக்காப் புல்லு நெறையறதுக்குள்ள அத்தைக்கு மூணு கொளந்தை பொறந்துருச்சு.

எட்டையும் மாத்துன்னு சொல்ல மாட்டேன். நாலு ஏக்கரு உன்ற ஆசைக்கு வச்சுக்கோ. மீதி நாலுல சோளமும் நரிப்பயிறும் போட்டு, ஊடால புல்லு வெதையைத் தூவு. வெள்வேலா தானா வந்தா உட்டுரு, களைன்னு வெட்டிப்போடாதே. குறுக்க வேலி வச்சு மூணாப் பிரிச்சுக்கோ. ஒண்ணுல மேயறப்ப மத்தது ஆறோணும். புல்லு தூரு கட்டறதுக்கு முன்ன மாட்டை உட்டீன்னா, மறுக்கா அந்த ஜேசிபிக்காரனைத்தான் கூப்புடோணும்.

கிளுவைப் போத்து என்ற வேலியில வேணுங்கறதை வெட்டிக்கோ, மழைக்கு நட்டாத் துளுத்துக்கும். காசு வேண்டாம். கம்பிக்கு எத்தனை ஆச்சுன்னு மட்டும் உங்கம்மாகிட்ட வாயைத் தொறந்துராதே. பக்கத்துக் காட்டுல இருந்துட்டு வேடிக்கையா பாத்தேன்னு என்னையத்தான் வைவா.