ஓட்டுநர் இல்லாத வண்டிக்கு ஓர் அங்கிள்

புக்கிட் பாஞ்சாங் இலகு ரயிலில் ஓட்டுநர் கிடையாது. சிங்கப்பூரின் முதல் இலகு ரயிலாக 1999 நவம்பரில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே கிடையாது. பெட்டியின் முன்பக்கம் வெறும் கண்ணாடி. அதன் பின்னால் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். அந்த இடத்தைத் தம் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டவர்தான் பாதுகாப்பு அங்கிள்.

ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் மூத்தோர் சலுகை அட்டை, கையில் மடக்காத நீளக் குடை. செஞ்சா, ஜெலாப்பாங், செகார், ஃபஜார், பங்கிட், பெண்டிங், பெட்டிர் என்று பாதை வளையமாகச் சுற்றுவதால் எங்கே எதிர்ப்படுவார் என்று சொல்லமுடியாது. ஒருவரைத் தவிர்க்க எதிர்த்திசையில் சுற்றும் ‘பி’ சேவையில் ஏறினால், அதிலும் ஒருவர் இருக்கிறார்.

அவருடைய பணி நடைமேடையிலேயே தொடங்கிவிடும். எம்ஆர்டி நிலையங்களில் இருப்பதுபோல் தானாகத் திறந்து மூடும் கதவுகள் இங்கே இல்லை. இடையிடையே திறப்பு விட்ட தடுப்புகள்தான். கைத்தொலைபேசியில் மூழ்கி அந்தத் திறப்பருகே நிற்கும் பையனின் முன்னால் குடை நீளும்.

“தம்பி, கோட்டுக்குப் பின்னால வா.”

“வந்துட்டேன் அங்கிள்.”

“கால் வந்துருச்சு, தலை வரலையே!”

ஒருநாள் பள்ளி மாணவன் ஒருவனின் தண்ணீர்ப் புட்டி பாதையில் விழுந்தது. பையன் எட்டிப் பார்த்தான். கீழே கான்கிரீட் தளம். தண்டவாளம் இல்லை, வண்டி ஓடுவது ரப்பர் டயரில். இறங்கி எடுத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். ஆனால் நடுவில் ஓடும் வழிகாட்டித் தண்டில்தான் மின்சாரம் இருக்கிறது. அங்கிள் போட்ட சத்தத்தில் பையன் மட்டுமல்ல, நாங்கள் அத்தனை பேரும் ஓரடி பின்னால் போனோம். நிலைய ஊழியரை அழைக்கச் சொன்னதும் அவர்தான். அன்றைக்கு அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. பெட்டிக்குள் ஏறியதும் அது கொஞ்சம் குறைந்தது.

ஏனென்றால் உள்ளே அவர் சொற்பொழிவாளர். “கம்பியைப் பிடிங்க, கம்பியைப் பிடிங்க” என்பது பல்லவி. இந்தப் பாதையின் வளைவு நெளிவுகளையும் ஏற்ற இறக்கங்களையும் 2017இல் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் காவ் பூன் வானே குறைகூறியிருக்கிறார். அதைத் தமக்குக் கிடைத்த நற்சான்றிதழாகவே அங்கிள் எடுத்துக்கொண்டுவிட்டார். ஒரு கையில் குடை, மறு கை யாரையாவது சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கும். கம்பியைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவார்? வளைவு வந்ததும் பக்கத்தில் நிற்கும் அக்காவின் சந்தை ட்ராலி மேல் சாய்வார். சாய்ந்தபடியே, “பார்த்தீங்களா, இதைத்தான் சொன்னேன்” என்பார்.

பழைய பெட்டிகளில் ஒரு வேடிக்கை உண்டு. வீவக அடுக்குமாடிகளை ஒட்டிப் போகும்போது சன்னல் கண்ணாடி தானே மங்கிவிடும். அடுத்தவர் வீட்டு வரவேற்பறையை நாம் பார்க்காமல் இருக்க அந்த ஏற்பாடு. ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் புகை சூழ்ந்துவிட்டது என்று பதறி அவசரப் பொத்தானைத் தேடினார். அங்கிள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். “மங்கினா அழுத்தாதீங்க. புகை நாத்தம் வந்தா அழுத்துங்க.” இதைவிடச் சுருக்கமாக எந்த அறிவிப்புப் பலகையும் சொன்னதில்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் ட்ராமுக்குப் போய்விட்டார். சிங்கப்பூர்த் தெருக்களில் மின்சார ட்ராம் ஓடியது 1905 முதல் 1927 வரை. தேக்காவுக்குப் பக்கத்தில் மெக்கென்சி சாலையில்தான் அதன் பணிமனையும் மின்நிலையமும் இருந்தன. அது நின்றபோது அங்கிளின் அப்பாவே பிறந்திருக்கமாட்டார். இருந்தாலும் ஓடும் ட்ராமில் தாவி ஏறியவர்களை அங்கிள் இன்னும் கண்டித்துக்கொண்டிருக்கிறார். அந்த வண்டிக்குக் கதவு சாத்திக் காப்பாற்றும் வழி இல்லை, இதற்கு இருக்கிறது. அப்படியிருந்தும் மூடப்போகும் ஒலி கேட்ட பிறகு பாய்ந்து நுழைகிறார்களே என்பது அவருடைய ஆதங்கம். நியாயம்தான். ஆனால் கையில் மீன் பையோடு ஓடிவந்த தம் மனைவிக்காக அதே குடையைக் கதவிடுக்கில் நீட்டிய காட்சியையும் பங்கிட் நிலையம் கண்டிருக்கிறது. அன்று பெட்டி முழுவதும் அவரைப் பார்த்தது. அவர் கூரையைப் பார்த்தார்.

2024 ஆகஸ்டிலிருந்து புதிய பெட்டிகள் ஓடத் தொடங்கியிருக்கின்றன. அங்கிள் ஏறிப் பார்த்தார், கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார், தலையசைத்தார். ஓட்டுநர் இதிலும் இல்லை. ஆகவே அவர் பதவிக்கு ஆபத்தில்லை.

கம்பியைப் பிடிக்கச் சொன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வது சரி. ட்ராமைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள். கடைசி நிலையமான சுவா சூ காங் வந்தாலும் பேச்சு முடியாது.