ஓரி ஊற்றிய வேரியும் துரை குடித்த ஸ்டவுட்டும்

ஒரே அம்பு. முதலில் யானை காலி. அதைத் துளைத்துக்கொண்டு போய்ப் புலி. பிறகு மான், பன்றி, கடைசியாகப் புற்றுக்குள் சிவனே என்று கிடந்த உடும்பு. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஸ்கோர் இது. அந்த ஐந்து ஜீவன்களையும் லைனில் நிற்கவைத்தது யார் என்று கேட்காதீர்கள். வன்பரணர் என்ற புலவரே புறநானூற்றில் சாட்சி சொல்லியிருக்கிறார்!

சாட்சி நிதானத்தில் இருந்தாரா என்றுதான் கேட்கவேண்டும். அதற்கும் அந்த 152-ஆம் பாட்டிலேயே பதில் இருக்கிறது. வேட்டை முடிந்த கையோடு ஓரி, யார் எவர் என்றுகூட விசாரிக்காமல், வந்தவர்களுக்கு மான்கறியும் வேரியும் கொடுத்து உபசரித்திருக்கிறான். வேரி என்றால் கள். உருக்கிய நெய் மாதிரி இருந்ததாம். அப்படிப்பட்ட சரக்கு உள்ளே போனபிறகு, அம்பு ஐந்தோடு நின்றதே பெரிய விஷயம்.

இப்பேர்ப்பட்ட ஓரிக்கு ஆடிப்பெருக்கையொட்டி கொல்லிமலை செம்மேட்டில் அரசு விழா எடுக்கிறது. சிலைக்கு மாலை, வில்வித்தைப் போட்டி, மலர்க் கண்காட்சி எல்லாம் உண்டு. விழாவை முன்னிட்டு மலையில் உள்ள டாஸ்மாக் கடைகளை மூடச்சொல்லி உத்தரவு போட்ட வருடங்களும் உண்டு. விருந்தாளிக்கு முதலில் கள் ஊற்றிய மன்னனுக்கு டிரை டே மரியாதை!

பக்கத்துத் தகடூரில், அதாவது இன்றைய தர்மபுரியில், அதியமான். பாடப்புத்தகம் அவனை நெல்லிக்கனியோடு நிறுத்திவிடும். அவன் செத்தபிறகு ஔவை பாடிய இரங்கல் பாட்டைப் புரட்டிப் பாருங்கள். நெல்லிக்கனி பற்றிப் பேச்சே இல்லை. முதலில் அந்தம்மாவுக்கு ஞாபகம் வருவது கள். கொஞ்சமாக இருந்தால் முழுவதையும் எங்களுக்கே தருவானே என்று அழுகிறார். ஆயுளை நீட்டிக்கிற கனி கொடுத்த மன்னனை, கடைசி மொந்தையை விட்டுக்கொடுத்தவனாகத்தான் தோழி நினைவு வைத்திருக்கிறார்.

சேலம், நாமக்கல் சீமைக் குடிமகனின் ரசனையைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். பனங்கள் ஒரு ருசி, தென்னங்கள் வேறு ருசி, ஈச்சங்கள் இன்னொன்று. விடிகாலையில் இறக்கியது இளசு, இனிப்பு. உச்சிவெயிலுக்குப் பொங்கும். மறுநாள் காடி. எந்த மரம், எந்தப் பாளை என்றெல்லாம் கேட்டுக் குடித்த ஆசாமிகள் இருந்தார்கள். பிரான்ஸில் இதற்குப் பெயர் கலாசாரம். இங்கே கேஸ்.

இந்தப் பக்கம் வந்து சேர்ந்த வெள்ளைக்காரர்களுக்கோ கள் என்றாலே குமட்டல். ‘நேட்டிவ்’ சமாசாரமாச்சே! அவர்களுக்குக் கப்பலில் பீர் வரவேண்டும். அதிலும் சாதி பார்த்தார்கள். ஆபீசர் துரைக்கு வெளிறிய ஏல், சிப்பாய்க்குக் கறுத்த போர்ட்டர். லண்டனில் மூட்டை தூக்குகிறவர்கள் களைப்புத் தீரக் குடித்த அந்தப் போர்ட்டரின் முரட்டு அண்ணன்தான் ஸ்டவுட். வறுத்த பார்லியில் காய்ச்சிய கன்னங்கரேல் கசப்பு. லண்டனில் கூலி குடித்தது, சூயஸ் தாண்டியதும் வெள்ளைக்காரனின் கௌரவமாகிவிட்டது.

1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்திய மதுவடிசாலைகள் ஐந்தைச் சேர்த்து யுனைடெட் புரூவரீஸ் என்று கம்பெனி ஆக்கினார். அவர்கள் சரக்கு பெரிய பெரிய பீப்பாய்களில் மாட்டுவண்டி ஏறிப் பட்டாளத்துக்குப் போயிற்று. சாராய மல்லையா குடும்பமெல்லாம் பின்னால் வந்த கதை. முதலில் கம்பெனியை இழுத்தது காளைமாடுதான், அதற்குச் சொட்டு கிடைத்திருக்காது.

ஸ்டவுட்டின் உண்மையான சாமர்த்தியம் வேறு இடத்தில். அது மதுவே இல்லை, மருந்து! ‘கின்னஸ் உங்களுக்கு நல்லது’ என்று 1929-இல் விளம்பரமே கொடுத்தார்கள். பிரிட்டனில் பிள்ளை பெற்றவளுக்கும் ரத்த தானம் செய்தவனுக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தார்கள். சாதாரண கின்னஸில் ஆல்கஹால் நாலு சதவீதச் சொச்சம். காலையில் இறக்கிய கள்ளைச் சாயங்காலம் வரை விட்டுவைத்தால் அதிலும் ஏறக்குறைய அதேதான். ஒன்று டாக்டர் சீட்டில் வந்தது, இன்னொன்று எஃப்.ஐ.ஆரில் வந்தது.

எஃப்.ஐ.ஆருக்கு ஏற்பாடு செய்தவர்களில் இருவர் நம் ஊர்ப் பெரிய தலைகள். முதலாமவர் ஈ.வெ.ரா. காந்தி கள்ளுக்கடை மறியல் என்று சொன்னதும் மனிதருக்கு ஆவேசம் வந்துவிட்டது. சேலம் தாதம்பட்டியில் கள்ளுக்கு விடக்கூடிய சொந்தத் தென்னை மரங்கள் 500-ஐ வெட்டிச் சாய்த்தார். கள் இறக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேங்காயாவது மிஞ்சியிருக்கும்! ஆனால் பாதிக் கொள்கை என்பது அவர் அகராதியில் கிடையாது. பிற்காலத்தில் மதுவிலக்கையே வெளுத்துக்கட்டி எழுதியபோதும் அதே வேகம். மரங்கள்தான் திரும்பி வரவில்லை.

இரண்டாமவர் ராஜாஜி. திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கினார். 1929-இல் ‘விமோசனம்’ என்று மதுவிலக்குக்கென்றே ஒரு பத்திரிகை. துணைக்குக் கல்கி. சோழர் கதையில் ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு நம்மைக் கட்டிப்போட்ட பேனா, அப்போது கள்ளுக்கலயத்தை உடைத்துக்கொண்டிருந்தது. போதை அவர் கையிலிருந்து வேறு ரூபத்தில் வரப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமர். அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கு. எங்கே? சொந்த ஜில்லா சேலத்தில்! டாக்டர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் முதல் ஊசி. அன்றைய சேலம் ஜில்லா என்றால் இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்த்தி. ஓரி, அதியமான் இருவர் ராஜ்ஜியமும் ஒரே கையெழுத்தில் வறண்டுபோயின.

ஒரு மாதம் போனால் தீபாவளி. கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். எண்ணெய்க் குளியல் ஆயிற்று, ஆட்டுக்கறி கொதிக்கிறது, மச்சான் வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பேச விஷயமில்லை. வீட்டம்மாக்களுக்கு மட்டும் அன்றைக்கு உண்மையிலேயே நரகாசுரன் செத்த நாள். கூலிக்காசு முழுதாக வீடு வந்து சேர்ந்திருக்கிறதே. இதை எழுதாமல் விட்டால் என் வீட்டில் எனக்குச் சாப்பாடு கிடைக்காது.

ஏற்காட்டுத் தோட்டத் துரைமார் கதை? பதறாதீர்கள். சட்டத்துக்குப் பர்மிட் என்று ஒரு பின்வாசல் இருந்தது. கலயம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது, பாட்டில் பங்களாவுக்குப் போனது.

மரமேறிகளுக்கு அரசு ஒரு வழி சொன்னது: பதநீர் இறக்குங்கள், வெல்லம் காய்ச்சுங்கள். பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே நிற்பது கலயத்தின் உள்புறம் தடவுகிற சுண்ணாம்பு மட்டுமே. சுண்ணாம்பு இருந்தால் சாறு புளிக்காது, மறந்தால் குற்றம். மாகாணத்தின் மொத்த ஒழுக்கமும் ஒரு விரல் சுண்ணாம்பில் தொங்கியது. சுண்ணாம்பு தடவ ‘மறந்துபோகிற’ வியாதி பரவியதில் ஆச்சரியமென்ன?

சட்டத்துக்குப் பயந்த கௌரவஸ்தர்கள் வைத்தியசாலைப் பக்கம் திரும்பினார்கள். திராட்சாரிஷ்டம், தசமூலாரிஷ்டம்! தானாகவே புளித்து ஆல்கஹால் ஊறுகிற லேகியக் கடைச் சரக்கு. கறுப்பாக இருக்கும், கசக்கும், பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்பார்கள். கின்னஸ் என்ற அயர்லாந்துக்காரன் 1759-இல் ஆலைக்காக 9,000 வருடக் குத்தகை எழுதிக்கொண்டு காய்ச்சியதை, நம்மவர் செரிமானத்துக்கு இரண்டு அவுன்ஸ் என்று சாதித்துவிட்டார்கள்.

இதே சீமையிலிருந்து மலாயா ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறினவர்கள் கதை தலைகீழ். அங்கே எஸ்டேட்டே கள்ளுக்கடை வைத்திருந்தது. கொடுத்த கூலி ராத்திரிக்குள் முதலாளியிடமே திரும்பிவிடும், என்ன ஒரு சுழற்சி! 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. பேரப்பிள்ளைகள் படித்து நகரத்துக்குப் போனபிறகு தீபாவளிக்கு ஆட்டுக்கறிக் குழம்போடு மேசைக்கு வந்தது ஸ்டவுட். தாத்தா குடித்தது கேவலம், பேரன் குடிப்பது ஸ்டேட்டஸ்.

நம் பக்கம் கள்ளுக்கு 1987 முதல் தடை. கள் இயக்கத்தின் நல்லசாமி, கள் உணவுதான், இல்லையென்று நிரூபித்தால் கோடிக்கணக்கில் பரிசு என்று பல வருடமாகச் சவால் விடுகிறார். பாலக்காட்டுக்குப் போனால் அதே பனை, அதே கள், போர்டு மாட்டிய கடையிலேயே கிடைக்கும். இங்கே டாஸ்மாக் வரிசையில் நிற்கிறவனிடம் எந்த மரம், எந்தப் பாளை என்ற கேள்வியெல்லாம் கிடையாது. ஸ்டவுட்டா லாகரா என்றும் கிடையாது. “அண்ணே, கூலிங் இருக்கா?” இரண்டாயிரம் வருட ரசனை ஃபிரிட்ஜில் வந்து நிற்கிறது.

ராஜாஜியிடம் திரும்பவேண்டும், கணக்கு ஒன்று பாக்கி. மதுவிலக்கால் கஜானாவில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க 1939-இல் அவர் கொண்டுவந்ததுதான் பொது விற்பனை வரி, நாட்டிலேயே முதல். மற்ற மாகாணங்கள் பார்த்தன, ஆஹா என்று பிடித்துக்கொண்டன. போர் நடுவில் வெள்ளைக்கார அரசு கடையைத் திறந்தது, பிறகு மூடினார்கள், மறுபடி திறந்தார்கள், வரியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அது வாட் ஆகி, ஜி.எஸ்.டி. ஆகி, தீபாவளிக்கு நீங்கள் வாங்குகிற துணியிலும் பட்டாசிலும் மைசூர்பாகிலும் உட்கார்ந்திருக்கிறது. சேலத்துக்காரன் குடிக்காமல் விட்ட கள்ளுக்கு இன்றுவரை தேசமே பில் கட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு முக்கியமான சரக்குக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மதுவுக்கு.