அரைகுறைத் திருடன்

மோட்டார் சைக்கிளை முழுசாகத் திருடுகிறவனால் யாருக்கும் தொல்லையில்லை. எஃப்.ஐ.ஆர்., இன்சூரன்ஸ் படிவம், இரண்டு சாவியையும் ஒப்படைத்தல் என்று காரியங்கள் ஒழுங்காக நடக்கும். ஹேண்டில் லாக்கை உதைத்து உடைத்துவிட்டு, நாய் குரைத்ததும் ஓடிவிடுகிறானே, அவன்தான் பொறுப்பற்றவன்.

அப்படி ஒருவனால் நண்பர் ஸ்டேஷன் ஏறினார்.

"வண்டி எங்க சார்?"

"வீட்டு வாசல்லதான் நிக்குது."

"அப்புறம் எதைத் தேடச் சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. சிசிடிவி பதிவைக் காட்டினார். துல்லியமான படம். ஹெல்மெட் தெளிவாகத் தெரிந்தது. திருட வந்தவனாவது போட்டிருக்கிறானே என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள்.

சட்டமும் அரைவேலைக்கு அரைக்கூலிதான் தருகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில் முதல்முறைத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. வெறும் முயற்சி என்றால், 62ஆம் பிரிவின்படி அதில் பாதி. ஊக்கம் குன்றாமல் என்ன செய்யும்?

நண்பர் விடாக்கண்டர். நடையாய் நடந்து வழக்குப் பதிய வைத்துவிட்டார். உடைந்த லாக் முக்கியத் தடயம். லாக்கைத் தனியே கொண்டுபோக முடியாது. ஆகவே வண்டியே சான்றுப் பொருளாகி, ஸ்டேஷன் வளாகத்து வேப்பமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது. திருடனால் முடியாததைச் சட்டம் ரசீது கொடுத்து முடித்தது.

இப்படிச் சேரும் வண்டிகளை நிலையங்களில் நெடுநாள் போட்டு வைக்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லியிருக்கிறது. எனவே கவலை வேண்டாம். மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுங்கள், ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்களோடு வக்கீல் ஃபீஸையும் எடுத்து வையுங்கள்.